மெதுவான இணைய இணைப்பில் ரிமோட் டெஸ்க்டாப் திரை: அறிகுறி வாரியான பிழை நீக்கும் வழிமுறை

வெளியிலிருந்து அலுவலகக் கணினியை இயக்குபவர்களிடமிருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் “ரிமோட் மெதுவாக இருக்கிறது” என்ற ஒரே வாக்கியத்தில் தொடங்குகின்றன. அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஐந்தாறு வெவ்வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. ஒன்றைத் தீர்க்கும் அமைப்பு மற்றொன்றை மோசமாக்கவும் கூடும். ஆகவே கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்கி, செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு மிக்கதைக் கடைசியிலும் சோதிக்கும் வகையில் இதை எழுதியிருக்கிறேன். விண்டோஸுடன் வரும் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன் நிரலையே முதன்மையாகக் கொண்டிருக்கிறேன். மற்ற நிரல்களுக்கான குறிப்பு பின்னால் வருகிறது. உங்கள் முன்னால் இருப்பதை “உங்கள் கணினி” என்றும், தூரத்தில் இருப்பதைத் “தொலைக்கணினி” என்றும் குறிப்பிடுகிறேன்.

எதையும் மாற்றுவதற்கு முன்: ஐந்து நிமிட அளவீடு

இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்ல வேண்டாம். திரை அமைப்புகளால் தீரக்கூடிய கோளாறா, தீராத கோளாறா என்பது இங்கேயே தெரிந்துவிடும். தெரியாமல் அமைப்புகளைத் திருப்பிக்கொண்டிருந்து ஒரு நாள் முழுவதையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்தைத் திறந்து, முதலில் உங்கள் ரூட்டரின் முகவரிக்கும், பிறகு தொலைக்கணினியின் முகவரிக்கும் பிங் கட்டளையை (ஒரு கணினிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வர ஆகும் நேரத்தை அளப்பது) 100 முறை அனுப்புங்கள். ரூட்டரின் முகவரி, ஐபிகான்ஃபிக் கட்டளை காட்டும் பட்டியலில் “டிஃபால்ட் கேட்வே” என்ற வரியில் இருக்கும். பிங் கட்டளையில் முகவரிக்குப் பின் ஒரு சிறு கோடும் “என்” என்ற ஆங்கில எழுத்தும் இட்டு, இடைவெளி விட்டு 100 என்று எழுதினால் எண்ணிக்கை அமைந்துவிடும். தொலைக்கணினியின் ஃபயர்வால் பிங்கிற்குப் பதில் தராமல் இருக்கலாம், அப்படியானால் 8.8.8.8 போன்ற பொது முகவரியை அனுப்பிப் பாருங்கள். அது தொலைக்கணினி வரையிலான பாதையைச் சொல்லாது, உங்கள் பக்கத்து இணைப்பின் நிலையை மட்டும் சொல்லும்.

முடிவைப் படிக்கும் விதம் இது. ரூட்டருக்கான பதிலே 20 மில்லி விநாடியைத் தாண்டினாலோ, இடையிடையே பதில் வராமல் போனாலோ, கோளாறு உங்கள் அறைக்குள், வைஃபையில் இருக்கிறது. ரூட்டர் வரை சீராக இருந்து, தொலைக்கணினிக்கான சராசரி 150 மில்லி விநாடிக்கு மேல் நிலையாக நின்றால், அது தாமதம். சராசரி சுமாராக இருந்தும் ஒரு பதில் 40, அடுத்தது 900 என்று தாவினாலோ, நூற்றில் இரண்டு மூன்று பதில்கள் காணாமல் போனாலோ, அது நிலையற்ற இணைப்பு. எல்லா எண்களும் நன்றாக இருந்தும் திரை மட்டும் மெதுவாக நிரம்பினால், பாதை குறுகலாக இருக்கிறது அல்லது தொலைக்கணினியே திணறுகிறது. திரை அமைப்புகள் நேரடியாகத் தீர்ப்பது குறுகலான பாதையை மட்டுமே. தாமதத்தைத் தாங்கிக்கொள்ள அவை ஓரளவு உதவும். நிலையற்ற இணைப்பில் மிகக் குறைவாகவே உதவும்.

மற்றொரு சோதனையும் உண்டு. முழுத்திரையில் இணைந்திருக்கும்போது மேலே தெரியும் நீலப் பட்டையில், அலைபேசியில் உள்ளதைப் போன்ற சிக்னல் கோடுகள் இருக்கும். அதைச் சொடுக்கினால் இணைப்பின் தரம் எப்படி என்பதையும், யூடிபி (சேர்ந்ததா என்ற உறுதிக்குக் காத்திராமல் தரவை அனுப்பும் முறை) வழி இயங்குகிறதா என்பதையும் ஒரு வரியில் சொல்லும். அந்த வரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

அறிகுறி 1: திரை பகுதி பகுதியாக, மெல்ல நிரம்புகிறது

சாளரத்தை மாற்றினால் பழைய படத்தின் துண்டுகள் நின்று, கட்டம் கட்டமாகப் புதிய படம் வருவது இந்த அறிகுறி. பலருக்கும் நேர்வது இதுவே. அமைப்புகளால் நன்றாகத் தீர்வதும் இதுவே.

முதல் காரணம்: உங்கள் இணைப்பை வேறு யாரோ, வேறு எதுவோ பயன்படுத்துகிறது

மேகக் காப்புப்பிரதி, விண்டோஸ் புதுப்பிப்பு, அதே வைஃபையில் ஓடும் காணொளி ஆகியவற்றைப் பத்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் நெட்வொர்க் பத்தியைச் சொடுக்கினால் உங்கள் கணினியில் எந்த நிரல் அதிகம் எடுக்கிறது என்பது வரிசையாகத் தெரியும். நிறுத்தியதும் திரை சரியானால், கீழே உள்ள எதையும் மாற்றத் தேவையில்லை.

இரண்டாம் காரணம்: அழகுக்கான அம்சங்கள் அனைத்தும் திறந்திருக்கின்றன

ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷனைத் திறந்து, “ஷோ ஆப்ஷன்ஸ்” பொத்தானைச் சொடுக்கி, “எக்ஸ்பீரியன்ஸ்” தாவலுக்குச் செல்லுங்கள். அங்கே இணைப்பின் வேகம் “டிடெக்ட் கனெக்‌ஷன் குவாலிட்டி ஆட்டோமேட்டிக்கலி” என்று இருக்கும். நிலையான இணைப்பில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஏறி இறங்கும் இணைப்பில் முடிவை நாமே எடுப்பது நல்லது என்பது என் அனுபவம். 256 கேபிபிஎஸ் முதல் 2 எம்பிபிஎஸ் வரை என்று குறிக்கப்பட்ட “லோ-ஸ்பீட் பிராட்பேண்ட்” நிலையைத் தேர்ந்தெடுங்கள். 56 கேபிபிஎஸ் மோடம் நிலை அதைவிடக் கடுமையானது. அலைபேசியின் இணையப் பகிர்வில், அதுவும் சிக்னல் மிகக் குறைந்த இடத்தில், நான் அதைப் பயன்படுத்துகிறேன்.

கீழே உள்ள தேர்வுப் பெட்டிகளில் முதலில் நீக்க வேண்டியது டெஸ்க்டாப் பின்னணிப் படம். அடுத்து, சாளரத்தை இழுக்கும்போது உள்ளடக்கத்தைக் காட்டுவது, மெனு அசைவூட்டம், டெஸ்க்டாப் காம்போசிஷன் (சாளரங்களின் ஒளிபுகும் தோற்றம் போன்ற அழகூட்டல்) ஆகியவை. “ஃபான்ட் ஸ்மூத்திங்” என்பதைக் கடைசியாக, வேறு வழியில்லாதபோது மட்டும் நீக்குங்கள். அதை நீக்கினால் எழுத்துகளின் ஓரம் கரடுமுரடாகிவிடும். நாள் முழுவதும் எழுத்தையே பார்த்து வேலை செய்பவரின் கண்களுக்கு அது நல்லதல்ல. “பெர்சிஸ்டன்ட் பிட்மேப் கேஷிங்”, “ரீகனெக்ட் இஃப் த கனெக்‌ஷன் இஸ் டிராப்டு” என்ற இரண்டையும் எந்த நிலையிலும் நீக்க வேண்டாம். முன்னது ஒரு முறை வந்த படத்துண்டுகளை உங்கள் கணினியிலேயே சேமித்து மறுபடி பயன்படுத்துவது; மெதுவான இணைப்புக்கு இவ்வளவு உதவி செய்யும் பெட்டி அந்தத் தாவலில் வேறில்லை.

இவை அனைத்தும் இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைந்த பிறகே நடைமுறைக்கு வரும். துண்டித்தல் வேறு, வெளியேறுதல் வேறு: சாளரத்தை மூடித் துண்டித்தால் தொலைக்கணினியில் திறந்திருந்த நிரல்கள் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், மீண்டும் இணைந்ததும் விட்ட இடத்திலேயே இருக்கும்.

மூன்றாம் காரணம்: திரை தேவைக்கு மேல் பெரிதாக இருக்கிறது

“டிஸ்ப்ளே” தாவலில் உள்ள நகர்த்தியைப் பாருங்கள். 1920×1080 அளவுத் திரையில் 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 1366×768 என்றால் அதில் பாதி, 1280×720 என்றால் பாதிக்கும் சற்றுக் குறைவு. 3840×2160 அளவுத் திரை வைத்திருப்பவர்கள் தாங்கள் அறியாமலேயே 1080 திரையைப் போல் நான்கு மடங்கு புள்ளிகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதே தாவலில் “யூஸ் ஆல் மை மானிட்டர்ஸ்” என்ற பெட்டி குறியிடப்பட்டிருந்தால் அதை நீக்குங்கள். இரண்டு திரைகளில் பரப்பி வேலை செய்வது வேகமான இணைப்புக்கு உரியது.

சிறிய அளவைத் தேர்ந்தெடுத்து முழுத்திரையாக விரித்தால் எழுத்து மங்கும். ஆகவே நான் பரிந்துரைப்பது, 1366×768 அளவில் சாளரமாகவே வைத்து வேலை செய்வது. பழகும்வரை குறுகலாகத் தோன்றும். ஆனால் சொடுக்கியவுடன் பதில் தரும் சிறிய திரை, காத்திருக்க வைக்கும் பெரிய திரையைக் காட்டிலும் வேலையை விரைவாக முடிக்கும்.

நான்காம் காரணம்: வண்ண ஆழம்

இதில் பழைய அறிவுரை ஒன்று இன்னும் சுற்றி வருகிறது: 32 பிட்டிலிருந்து 16 பிட்டுக்கு இறக்கினால் பாதி சுமை குறையும் என்பது. சுருக்கப்படாத படத்துக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்த ஆர்டிபி (ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் தொடர்பு நெறிமுறை) 8.0 முதல், படத்தைச் சுருக்கும் புதிய முறைகள் 32 பிட்டையே எதிர்பார்த்து அமைந்தவை. இரண்டு பக்கமும் விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால், 16 பிட்டுக்கு இறக்குவது சில நேரம் நிலைமையை மோசமாக்கும். ஒரு பக்கமாவது பழைய விண்டோஸ் இருந்தால் 16 பிட் உண்மையிலேயே உதவக்கூடும். எனவே ஒரே ஆவணத்தை இரண்டு நிலைகளிலும் ஒரு முறை உருட்டிப் பார்த்து, வேகமானதை வைத்துக்கொள்ளுங்கள். இடையில் உள்ள 24 பிட்டைத் தேர்ந்தெடுப்பதில் நான் எந்தப் பயனையும் கண்டதில்லை.

ஐந்தாம் காரணம்: தொலைக்கணினியின் பதிவேற்ற வேகம்

திரைப் படம் தொலைக்கணினியிலிருந்து உங்களை நோக்கி வருகிறது. அதாவது அந்தப் பக்கத்திலிருந்து அது பதிவேற்றமாகப் புறப்படுகிறது. உங்கள் பதிவிறக்க வேகம் 100 எம்பிபிஎஸ் என்றாலும், அந்தப் பக்கத்துப் பதிவேற்றம் 2 எம்பிபிஎஸ் என்றால், அந்த 2-ஐ அங்கே பலர் பகிர்ந்துகொண்டால், உங்களுக்குக் கிடைப்பது அதன் மிச்சம்தான். பலரும் தங்கள் வீட்டு இணைப்பை மட்டும் அளந்துவிட்டு “எனக்கு வேகம் நன்றாக இருக்கிறதே” என்று குழம்புவது இந்த இடத்தில்தான். அலுவலகத்தில் இருக்கும் ஒருவரிடம், தொலைக்கணினி இருக்கும் அதே இணைப்பில் வேகச் சோதனை செய்து பதிவேற்ற எண்ணைச் சொல்லுமாறு கேளுங்கள்.

நிபுணரை அழைக்க வேண்டிய இடம்

மேலே சொன்ன அனைத்தையும் செய்த பிறகும், சாதாரண எழுத்து ஆவணத்தின் ஒரு பக்கம் நிரம்ப மூன்று விநாடிக்கு மேல் ஆனால், கோளாறு இணைப்பின் கொள்ளளவில் இருக்கிறது. உங்கள் பக்கம் குறைவு என்றால் இணையச் சேவை வழங்குநரையும், அந்தப் பக்கத்துப் பதிவேற்றம் குறைவு என்றால் அலுவலக நெட்வொர்க் நிர்வாகியையும் அழையுங்கள். செலவு பிடிக்கும் வழி இது. ஆகவே அளவிட்ட எண்கள் கையில் இருக்கட்டும்.

அறிகுறி 2: தட்டச்சு செய்த எழுத்து தாமதமாகத் தோன்றுகிறது

முதலில் ஒரு பிரிவினை. தொலைக்கணினியில் நோட்பேடைத் திறந்து ஒரு வரி தட்டச்சு செய்யுங்கள். நோட்பேடில் எழுத்து உடனே வந்து, கணக்கு நிரலில் மட்டும் தாமதமானால், இணைப்பில் தவறில்லை. அந்த நிரலோ தொலைக்கணினியோ திணறுகிறது. தொலைக்கணினியின் டாஸ்க் மேனேஜரில் சிபியு, நினைவகம், வட்டு ஆகியவற்றில் எது 100 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள். அலுவலகத்தில் யாரும் மறுதொடக்கம் செய்யாமல் வாரக்கணக்கில் ஓடும் கணினிகளில் இது அடிக்கடி நேர்கிறது.

நோட்பேடிலும் தாமதம், எப்போதும் ஒரே அளவு என்றால்

இது தூரத்தின் தாமதம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. 10,000 கிலோமீட்டர் தூரத்துக்குச் சென்று திரும்ப 100 மில்லி விநாடி தேவை, அதைக் குறைக்க எந்த அமைப்பாலும் முடியாது. புவிநிலைச் செயற்கைக்கோள் வழி இணைப்பு என்றால் 500 மில்லி விநாடிக்கும் மேலாகும். இங்கே வண்ணத்தையும் அளவையும் குறைத்துப் பயன் காண முடியாது. வேலை செய்யும் முறையை மாற்றுவதே வழி.

நீண்ட பத்திகளை உங்கள் கணினியிலேயே எழுதி, நகலெடுத்து, ஒரே முறையில் ஒட்டுங்கள். சுட்டியின் சக்கரத்தால் உருட்டாமல் பேஜ் அப், பேஜ் டவுன் விசைகளைப் பயன்படுத்துங்கள். சக்கரத்தின் ஒவ்வொரு பற்சுற்றும் ஒரு புதிய படத்தைக் கேட்கிறது, விசையோ ஒரு பக்கத்துக்கு ஒன்றை மட்டுமே கேட்கிறது. மெனுக்களைத் தேடிச் சொடுக்குவதற்குப் பதில் விசைக் குறுக்குவழிகளைப் பழகுங்கள். இவை சிறிய விஷயங்களாகத் தோன்றினாலும், 300 மில்லி விநாடித் தாமதத்தில் பல மாதங்கள் வேலை செய்ய வேண்டியிருந்தபோது என்னைக் காப்பாற்றியவை இவையே.

விபிஎன் (இணையம் வழியாக அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழையும் பாதுகாப்பான பாதை) வழியாக இணைகிறீர்கள் என்றால், அது வெகு தூரத்தில் உள்ள வேறொரு சேவையகத்தைச் சுற்றிக்கொண்டு போகிறதா என்று நிர்வாகியிடம் கேளுங்கள். அருகில் உள்ள நுழைவாயிலுக்கு மாற்றியவுடன் தாமதம் பாதியாகக் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சில நேரம் மட்டும் தாமதம் என்றால்

பெரும்பாலும் இது வைஃபை. ஈதர்நெட் கம்பியால் ரூட்டருடன் நேரடியாக இணைத்து அரை மணி நேரம் வேலை செய்து பாருங்கள். இதைவிட மலிவான, இதைவிட உறுதியான சோதனை இல்லை. கம்பி இழுக்க முடியாத இடத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையிலிருந்து 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். அது சுவரைக் கடப்பதில் பலவீனமானது என்பதால் ரூட்டருக்கு அருகில் அமர வேண்டியிருக்கும். யாராவது பெரிய கோப்பைப் பதிவேற்றும்போது மட்டும் தாமதம் என்றால், ரூட்டரில் கியூஓஎஸ் என்ற முன்னுரிமை அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே எழுத்து பலமுறை விழுகிறது என்றால்

விசையை விட்டதைச் சொல்லும் செய்தி தாமதமாகப் போய்ச் சேருவதால், தொலைக்கணினி விசை இன்னும் அழுத்தப்பட்டிருப்பதாகக் கருதக்கூடும். தொலைக்கணினியின் கீபோர்டு அமைப்பில் “ரிப்பீட் டிலே” என்பதை “லாங்” பக்கம் முழுவதுமாக நகர்த்துங்கள். சில நேரம் அதுவே போதும். கண்ட்ரோல் அல்லது ஆல்ட் விசை சிக்கிக்கொண்டதைப் போல் நடந்தால், அந்த விசையை ஒரு முறை அழுத்தி விடுங்கள்.

அறிகுறி 3: எழுத்துகள் மங்கலாக இருக்கின்றன

முதலில் மங்கி, ஓரிரு விநாடியில் தெளிகிறது என்றால் அது கோளாறு அல்ல. குறுகிய பாதையில் முதலில் ஒரு தோராயமான படத்தையும், பிறகு நுணுக்கங்களையும் அனுப்புவது அந்த நிரலின் இயல்பான முறை. தெளிய ஐந்து விநாடிக்கு மேல் ஆனால் மட்டும் அறிகுறி 1-க்குத் திரும்புங்கள்.

எப்போதும் மங்கல் என்றால், படம் நீட்டப்படுகிறது அல்லது சுருக்கப்படுகிறது. தலைப்புப் பட்டையில் வலச்சொடுக்கிட்டால் வரும் “ஸ்மார்ட் சைசிங்” குறியிடப்பட்டிருந்தால் நீக்கிப் பாருங்கள். உங்கள் கணினியின் திரை 125 அல்லது 150 விழுக்காடு உருப்பெருக்கத்தில் இருந்து, இணைந்த பிறகு அதை மாற்றியிருந்தால், தொலைக்கணினியில் வெளியேறி மீண்டும் நுழையுங்கள். துண்டித்து இணைவது மட்டும் இங்கே சில நேரம் போதாது.

கறுப்பு எழுத்து தெளிவாகவும், சிவப்பு அல்லது நீல எழுத்து மட்டும் மங்கலாகவும் இருந்தால், படம் ஹெச்.264 முறையில், வண்ணத் தகவல் குறைக்கப்பட்டு வருகிறது. தொலைக்கணினியின் குரூப் பாலிசியில் (விண்டோஸின் ஆழமான அமைப்புகளை நிர்வகிக்கும் இடம்) ஏவிசி 444 என்ற நிலையை முன்னுரிமையாக்கினால் வண்ண எழுத்து தெளியும், ஆனால் அது கூடுதல் அலைவரிசையைக் கேட்கும். மெதுவான இணைப்பில் நான் அதைத் தொடுவதில்லை. அந்த எழுத்துகளின் நிறத்தை மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன்.

அறிகுறி 4: திரை உறைந்து நின்று, பிறகு ஒரேயடியாக ஓடுகிறது

சுட்டி அசைகிறது, ஆனால் பத்து விநாடிக்கு எதுவும் மாறவில்லை. பிறகு அதுவரை செய்த அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. பிங் முடிவில் இழப்பு இருந்தால் முதலில் வைஃபையைச் சரிசெய்யுங்கள். இழப்பு இல்லாமலேயே உறைகிறது என்றால், ஆரம்பத்தில் குறித்து வைத்த அந்த யூடிபி வரியைப் பாருங்கள்.

ரிமோட் டெஸ்க்டாப் 3389 என்ற போர்ட்டில் (கணினிக்குள் தரவு நுழையும் எண்ணிட்ட வாசல்) டிசிபி (தரவு சேர்ந்ததை உறுதிசெய்துகொண்டே அனுப்பும் முறை), யூடிபி என்ற இரண்டு வழிகளையும் பயன்படுத்தும். இழப்புள்ள இணைப்பில் யூடிபி பொதுவாக நன்மையே செய்யும். ஆனால் சில விபிஎன்களும் சில ரூட்டர்களும் அதைச் சரியாகக் கையாளாததால், அமர்வு சில விநாடிகள் உறைந்து பின் மீள்கிறது. சோதிக்க, உங்கள் கணினியில் குரூப் பாலிசி எடிட்டரைத் திறந்து, கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்போனன்ட்ஸ், ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன் கிளையண்ட் என்ற வரிசையில் சென்று, “டர்ன் ஆஃப் யூடிபி ஆன் கிளையண்ட்” என்பதை “எனேபிள்டு” ஆக்குங்கள். கணினியை மறுதொடக்கம் செய்து இணைந்து, ஒரு முழு நாள் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். உறைவது நிற்கவில்லை என்றால் பழைய நிலைக்கே திருப்பிவிடுங்கள். பயனில்லாத மாற்றத்தை விட்டுவைப்பது அடுத்த கோளாறைத் தேடும்போது குழப்பும். விண்டோஸ் ஹோம் பதிப்பில் இந்த எடிட்டர் இல்லை. ரெஜிஸ்ட்ரி வழியாகவும் இதைச் செய்யலாம், ஆனால் ரெஜிஸ்ட்ரியில் பழக்கமில்லாதவர்கள் அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு தெரிந்தவரை அழைப்பதே சரி.

அறிகுறி 5: இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது

அறுந்த நேரங்களை ஒரு தாளில் எழுதுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு என்னிடம் வருபவர்களிடமும் நான் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான், ஏனென்றால் நேரங்களின் ஒழுங்கே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

சரியாக 15 நிமிடம், 30 நிமிடம் என்று ஒழுங்காக அறுந்தால், அது இணைப்பின் குறை அல்ல. விபிஎன்னின் காலவரம்போ, தொலைக்கணினியின் அமர்வு வரம்போ, அதன் தூக்க அமைப்போ காரணம். தூக்கத்தைப் பவர் அமைப்பில் “நெவர்” என்று மாற்றலாம்; மற்ற இரண்டும் நிர்வாகியின் கையில் இருப்பவை.

ஒழுங்கின்றி அறுந்தால், டிவைஸ் மேனேஜரில் உங்கள் வைஃபை அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் தாவலைத் திறந்து, மின் சேமிப்புக்காக அதை அணைக்க அனுமதிக்கும் பெட்டியை நீக்குங்கள். பேச்சில்லாத நேரத்தில் மட்டும் அறுந்தால், அதாவது நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போது, வழியில் உள்ள ரூட்டர் பயன்பாடில்லாத இணைப்பை மூடிவிடுகிறது என்று பொருள்; தொலைக்கணினியின் குரூப் பாலிசியில் “கீப்-அலைவ்” இடைவெளியை 1 நிமிடம் என்று வைக்கச் சொல்லுங்கள். அறுந்ததும் நிரல் தானாக 20 முறை வரை மீண்டும் இணைய முயலும். அதைப் பொறுத்திருந்து பாருங்கள், அவசரப்பட்டு மூட வேண்டாம்.

விபிஎன் வழியாக நுழைந்தவுடன், அல்லது படம் நிறைந்த பக்கத்தைத் திறந்தவுடன் மட்டும் அறுந்தால், பொதியின் (தரவு அனுப்பப்படும் ஒவ்வொரு துண்டின்) அளவு பெரிதாக இருக்கலாம். பிங் கட்டளையில் “எஃப்”, “எல்” என்ற இரு விருப்பங்களைச் சேர்த்து 1472 என்ற அளவில் தொலைக்கணினிக்கு அனுப்புங்கள். தலைப்புக்கான 28-ஐச் சேர்த்தால் வழக்கமான 1500 ஆகும். துண்டாக்க வேண்டும் என்ற பதில் வந்தால், 10 பத்தாகக் குறைத்துக்கொண்டே வந்து, எந்த எண்ணில் பதில் வருகிறது என்று பாருங்கள். அந்த எண்ணுடன் 28-ஐக் கூட்டினால் கிடைப்பதே உங்கள் பாதை தாங்கும் அளவு. அதை விபிஎன்னில் அமைக்கும் வேலையை நிர்வாகியிடம் விடுங்கள்; தவறாக அமைத்தால் ரிமோட் மட்டுமின்றி மற்ற இணையப் பயன்பாடும் பாதிக்கப்படும்.

சலிப்பில் விபிஎன்னையே விட்டுவிட்டு 3389 போர்ட்டை இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்கும் யோசனை பலருக்கும் வருகிறது. கடவுச்சொல்லை ஊகித்து நுழைய முயலும் தானியங்கி நிரல்கள் அந்தப் போர்ட்டை ஓயாமல் தேடிக்கொண்டிருக்கின்றன. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

அறிகுறி 6: நுழைந்ததும் கறுப்புத் திரை, அல்லது கறுப்புத் திட்டுகள்

திட்டுகள் என்றால், சேமித்து வைத்த படத்துண்டுகள் கெட்டிருக்கலாம். இணைப்பை மூடிவிட்டு, உங்கள் பயனர் கோப்புறையில் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், டெர்மினல் சர்வர் கிளையண்ட், கேஷ் என்று சென்று, உள்ளே இருக்கும் கோப்புகளை அழியுங்கள். அவை மீண்டும் தாமாக உருவாகும். அடுத்த முதல் இணைப்பு மட்டும் சற்று மெதுவாக இருக்கும்.

முழுத்திரையும் கறுப்பு என்றால், கண்ட்ரோல், ஆல்ட், எண்ட் விசைகளை ஒன்றாக அழுத்துங்கள். தொலைக்கணினிக்கு கண்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் அனுப்பும் வழி இது. வரும் திரையில் கேன்சல் கொடுத்தாலே சில நேரம் டெஸ்க்டாப் திரும்பிவிடும். இல்லையென்றால் அதே திரையிலிருந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரை மறுதொடக்கம் செய்யுங்கள். கண்ட்ரோல்-ஆல்ட்-எண்டுக்கும் பதில் இல்லை என்றால், அலுவலகத்தில் ஒருவர் கணினியின் முன்னால் சென்றுதான் ஆக வேண்டும்.

அறிகுறி 7: அச்சிடும்போது, ஒலி வரும்போது, கோப்பை நகலெடுக்கும்போது மட்டும் திணறல்

“லோக்கல் ரிசோர்சஸ்” தாவலில் ஒலியை “டூ நாட் பிளே” ஆக்குங்கள். அச்சுப்பொறியையும் உங்கள் வட்டுகளையும் நீக்குங்கள். கிளிப்போர்டை மட்டும் வையுங்கள். பெரிய கோப்பை கிளிப்போர்டு வழியாக ஒட்டும்போது அது திரையின் பாதையையே பங்கிட்டுக்கொள்கிறது. பெரிய கோப்புகளைப் பகிர்வுக் கோப்புறை அல்லது மேகச் சேமிப்பு வழியாக, வேலை இல்லாத நேரத்தில் அனுப்புங்கள்.

வேறு நிரல்களைப் பயன்படுத்துபவர்களுக்கு

எனிடெஸ்க்கில் டிஸ்ப்ளே அமைப்பில் தரத்தைவிட விரைவான பதிலுக்கு முன்னுரிமை தரும் நிலையும், டீம்வியூவரில் வேகத்துக்கு முன்னுரிமை தரும் நிலையும், லினக்ஸின் ரெம்மினாவில் மிகக் குறைந்த தர நிலையும் மேலே சொன்ன “லோ-ஸ்பீட்” தேர்வுக்கு இணையானவை. விஎன்சி வகை நிரல்களில் வண்ண அளவைக் குறைப்பது இன்றும் நல்ல பலன் தருகிறது. அறிகுறிகளும் சோதனைகளும் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

இரண்டு கோப்புகளாகச் சேமித்து வையுங்கள்

சரியான அமைப்பு கிடைத்ததும் “ஜெனரல்” தாவலில் “சேவ் ஆஸ்” கொடுத்து, நல்ல இணைப்புக்கு ஒன்று, மோசமான இணைப்புக்கு ஒன்று என இரண்டு கோப்புகளாக டெஸ்க்டாப்பில் சேமியுங்கள். இணைப்பு தளரும்போது துண்டித்துவிட்டு இரண்டாவது கோப்பைச் சொடுக்கினால் போதும். ஒவ்வொரு பெட்டியாகத் தேட வேண்டியதில்லை.

நிபுணரை அழைக்கும்போது கொடுக்க வேண்டியவை: ரூட்டருக்கும் தொலைக்கணினிக்கும் எடுத்த 100 பிங்கின் கடைசி நான்கு வரிகள், இரண்டு பக்கத்துப் பதிவேற்ற வேகம், சிக்னல் கோடுகளைச் சொடுக்கியபோது வந்த வரி, அறுந்த நேரங்களின் தாள், கம்பியில் இணைத்துப் பார்த்தீர்களா என்ற பதில், இதுவரை மாற்றிய அமைப்புகளின் பட்டியல். இவை இருந்தால் அவர் முதல் ஒரு மணி நேரத்தை உங்களைக் கேள்வி கேட்பதில் செலவிடாமல், நேராகக் கோளாறிலேயே கை வைப்பார்.